கோடையிலும் வேர் சாகாத புல்... கீழ்பென்னாத்தூர் செம்மண்ணில் கறவை மாட்டுக்கு ஒரு தீவன வழி!

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் பஸ் ஏறினால், சுமார் 18 கிலோமீட்டரில் வந்துவிடும் கீழ்பென்னாத்தூர். பௌர்ணமி கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். 14 கிலோமீட்டர் நடந்த களைப்பில், பஸ் ஏறியதும் கண் சொக்கிவிடும். விழிக்கும்போது செஞ்சிக் கோட்டை வந்திருக்கும்.

பெயரிலேயே திசையை வைத்திருக்கும் ஊர் இது. 'கீழ்' என்றால் கிழக்கு. மலைக்கு மேற்கே செங்கம் பக்கம் போனால் மேல்பென்னாத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நடுவில் அண்ணாமலையார் மலை. இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மலைதான் அடையாளம். வானம் தெளிந்த நாளில் கீழ்பென்னாத்தூர் வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால், நீலமாக மலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று வீட்டு மொட்டை மாடியிலிருந்தே மலை உச்சியின் வெளிச்சத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அகல் விளக்கு ஏற்றுகிற ஊர்கள் இவை.

திருவண்ணாமலையை விட்டு வெளியே வந்ததும் நிலம் மாறத் தொடங்கும். சோமாசிபாடி தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் செம்மண். ஆங்காங்கே யானை படுத்தது போலப் பாறைக் குன்றுகள். பனைமரங்கள். ஏரிக்கரை. ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் மல்லாட்டையும். வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் வந்தால், வரப்பில் உட்கார்ந்து பச்சைக் கடலையை உரித்துத் தின்னக் கொடுக்காமல் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

இவ்வளவு பச்சை இருக்கும் ஊரில் புல்லுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றலாம். பஞ்சம் இருக்கிறது. அது வருவது மாசி மாதத்துக்குப் பிறகு.

சொசைட்டி வாசலில் தெரியும் கோடை

கீழ்பென்னாத்தூர் சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பது வழக்கம். மல்லாட்டையும் கரும்பும் வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை காசு தரும். பால் மட்டும்தான் அன்றாடம் அளந்து, வாரக் கணக்கில் பணமாகக் கைக்கு வரும். பிள்ளைகளின் ஸ்கூல் பஸ் கட்டணம், குழுக் கடன் தவணை, மளிகைக் கடை பாக்கி எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் கைக்கு வருகிற வருமானமும்கூட.

ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் மாவட்டம் திருவண்ணாமலை. கணக்கில் பார்த்தால் குறைவில்லை. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாகப் பெரும்பகுதி மழை ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்துவிடும். ஜனவரியிலிருந்து மே வரை பெரும்பாலும் வெயில்தான். அடியில் பாறை என்பதால், கிணற்று நீரும் சீக்கிரம் இறங்கிவிடும்.

அந்த மாதங்களில் வரப்புப் புல் காய்ந்து போகும். ஏரி உள்வாயில் வேலிகாத்தான் முள்தான் பச்சையாக நிற்கும். மாட்டுக்குக் கிடைப்பது வைக்கோலும், மல்லாட்டைக் கொடியும், கடையில் வாங்கும் தீவன மூட்டையும்தான். மல்லாட்டைக் கொடி நல்ல தீவனம், ஆனால் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும். வைக்கோல் வயிற்றை நிரப்பும். அதில் இருக்கும் புரதமோ வெறும் 3 முதல் 4 சதவீதம்தான். பச்சை இல்லாத மாட்டுக்கு உயிர்ச்சத்து 'ஏ' குறையும். பால் குறையும். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். சினை ஒரு மாதம் தள்ளினால், அடுத்த கன்றும் அடுத்த கறவையும் அதே அளவு தள்ளிப்போகும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

பங்குனி, சித்திரையில் பால் சொசைட்டி வாசலில் கேட்கிற பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "என்னாக்கா, அளவு கொறஞ்சிபோச்சே?" என்று பால் ஊற்றுகிறவரிடம் கேட்பார்கள். "பச்சைக்கு எங்கப்பா போறது? வெறும் வைக்கோலத்தான் போடுறேன்" என்று பதில் வரும். தீவனம் வாங்கிக் கட்டாது என்ற நிலை வந்தால், வாரச்சந்தையில் ஆட்டை விற்பார்கள். அதற்கும் மேலே போனால் மாட்டையே விற்பார்கள். கோடையில் விற்கப் போனால் விலை கிடைக்காது. எல்லார் வீட்டிலும் தீவனம் இல்லாத நேரத்தில் மாடு வாங்க யார் வருவார்கள்?

முன்பு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவை மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும். இன்று பல ஊர்களில் அந்த நிலங்கள் சுருங்கிவிட்டன. மிச்சமிருப்பதிலும் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. ஆகவே கோடைக்கான புல்லைச் சொந்த நிலத்தில், அதுவும் தண்ணீர் பாய்ச்ச முடியாத மேட்டு நிலத்தில் வளர்க்க முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். மேற்கே தெரியும் மலையையே பார்க்கலாம்.

மலை சொல்லும் முதல் பாடம்

2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையார் மலையின் சரிவுகளில், மழைக்காலம் முடிந்ததும் ஆள் உயரப் புல் நிற்கும். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் வீசும் புல் அதில் நிறைய. மண் என்று சொல்ல அதிகம் இல்லாத பாறை இடுக்கில், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அது நிற்கிறது. கோடையில் மேலே இருப்பதெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். வேரும் அடித்தூரும் மட்டும் உயிரோடு இருக்கும். முதல் மழை விழுந்த சில நாட்களில் அதே தூரிலிருந்து பச்சை கிளம்பும்.

பல்லாண்டுப் புல்லின் குணம் இதுதான். நெல், சோளம் போல ஒரு பருவத்தில் பூத்துக் காய்த்துச் செத்துப் போகாது. சாப்பாட்டை அடித்தூரிலும் வேரிலும் சேமித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் தூங்கி, மழையில் விழிக்கும்.

மலைப் புல்லுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காய்ந்த புல்லில் கோடையில் தீ பிடித்தால் சரிவு முழுக்க ஓடும். புல்லுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அது மறுபடி துளிர்த்துவிடும். சாவது மரக்கன்றுகள்தான். 1980-களின் இறுதியில் இந்த மலையில் மரம் நடும் வேலையைத் தொடங்கியவர்கள் எதிர்கொண்ட பெரிய எதிரி இந்தத் தீ. அதனால்தான் இன்றும் கோடைக்கு முன்பே, சரிவில் நீளவாக்கில் புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதைகள் போடுகிறார்கள். புல் வளர்க்க நினைக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது. வறட்சியைத் தாங்கும் புல், தீயையும் தாங்கும். பக்கத்தில் இருப்பவை தாங்காது.

வாசனைப் புல் மாட்டுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மாடு விரும்பித் தின்கிற, இதே குணம் கொண்ட புல் ஒன்று வேண்டும். அதற்குத் தமிழில் இனிப்பான ஒரு பெயர் இருக்கிறது.

பிள்ளையாருக்குப் பிடித்த பெயர்

பிள்ளையார் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு: அருகம்புல், கொழுக்கட்டை. இரண்டையும் சேர்த்ததுபோல ஒரு புல் உண்டு. அதன் பெயரே கொழுக்கட்டைப் புல்!

தாவரவியல் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். வட இந்தியாவில் அஞ்சன் புல். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பஃபெல் புல். ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா என வறண்ட நாடுகளை ஒட்டியே இதன் பூர்வீகம். ராஜஸ்தான் பாலைப் பகுதியில் ஆடு மாடுகளுக்கு இது முக்கியமான மேய்ச்சல். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும், ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும் பல ஆண்டுகளாக இதில் வேலை செய்து வருகின்றன.

பார்க்க எளிமையான புல். அடியில் கொத்தாகத் தூர் கட்டும். நுனியில் நரி வால் மாதிரி, மெல்லிய முடிகள் நிறைந்த கதிர் வரும். வேர் 2 மீட்டருக்கும் அதிக ஆழம் போகக்கூடியது. மேல் மண் காய்ந்தாலும் கீழே இருக்கும் ஈரத்தை அது தேடிப் பிடிக்கும். இதற்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: தேங்கிய தண்ணீர். ஏரிக்குக் கீழே உள்ள நஞ்சையில் போட்டால் அழுகிவிடும். கீழ்பென்னாத்தூரின் மேட்டுச் செம்மண் மாதிரி, தண்ணீர் நிற்காமல் வடியும் நிலம்தான் இதற்கு ஏற்றது.

இதன் நெருங்கிய உறவு, நீலக் கொழுக்கட்டைப் புல். இலையில் நீலச் சாயல் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் 'கோ 1' என்ற ரகத்தை மானாவாரி நிலங்களுக்கென்றே வெளியிட்டிருக்கிறது.

காங்கேயத்தில் ஒரு கொறங்காடு

தமிழ்நாட்டில் இந்தப் புல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறவர்கள் கொங்கு நாட்டுக்காரர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால், முள்வேலி போட்ட மேய்ச்சல் காடுகளைப் பார்க்கலாம். அவற்றுக்குக் கொறங்காடு என்று பெயர். கீழ்பென்னாத்தூரைவிட மழை மிகக் குறைவான பூமி அது. அங்கேதான் காங்கேயம் காளைகள் வளர்ந்தன.

கொறங்காட்டின் அமைப்பு எளிது. தரையில் கொழுக்கட்டைப் புல். அதோடு கலந்து தானாக வளரும் பயறு வகைச் செடிகள். நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். மரம் நிழல் தரும். அதன் காய் உதிர்ந்தால் ஆடு மாடு தின்னும். சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி. கிளுவைக் குச்சியை நட்டாலே துளிர்க்கும், தண்ணீர் கேட்காது. கல்தூண், கம்பிச் செலவு இல்லை.

அதைவிட முக்கியம் அவர்கள் மேய்க்கிற முறை. காட்டைப் பல பட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு, அது குட்டையானதும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். மேய்ந்த பட்டிக்கு ஓய்வு. மழைக்காலத்தில் புல் கதிர் விட்டு விதை உதிர்க்கும் வரை மாட்டை உள்ளே விடாமல் காப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, நல்ல மழையில் லேசாக உழுது சோளமோ கொள்ளோ விதைத்து அறுத்துக்கொள்வார்கள். இறுகிய மண் இளகும், உதிர்ந்து கிடந்த புல் விதை புதிதாக முளைக்கும்.

மந்தைவெளிக்கும் கொறங்காட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மந்தைவெளி எல்லாருக்கும் பொது. ஓய்வு கொடுக்க ஆள் இல்லை. கொறங்காடு ஒரு குடும்பத்தின் சொத்து. எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று முடிவெடுக்க ஒருவர் இருக்கிறார். புல் ஒன்றுதான், காவல்தான் வேறு.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் மேய்ச்சலுக்கு விட எல்லாராலும் முடியாது. இங்கே பலருக்கு இருப்பதே ஓரிரு ஏக்கர்தான். அதனால் மேய விடுவதைவிட, அறுத்துப் போடுவது பொருந்தும். கால் ஏக்கர் போதும், தொடங்கிவிடலாம்.

விதைப்பது எப்படி?

பருவம்: ஆடிப்பட்டம் நல்லது. ஆடி, ஆவணி மழையில் முளைத்து வேர் பிடித்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதற்குத் தீவனம். தாமதமாக விதைத்தால் இளம் செடி அடைமழையில் மாட்டிக்கொள்ளும்.

விதை: இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அறுவடை செய்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. இந்த விதைக்குச் சில மாத உறக்கம் உண்டு. போன ஆண்டு விதையை வாங்குவதே பாதுகாப்பு. இரண்டாவது சிக்கல், விதை பஞ்சு மாதிரி முடியோடு இருக்கும். கையால் வீசினால் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். ஈர மணலோடு கலந்து தூவலாம். செம்மண்ணும் சாணமும் சேர்த்துச் சிறு உருண்டையாக உருட்டிக் காயவைத்தும் போடலாம்.

அளவு: நீலக் கொழுக்கட்டைப் புல்லுக்கு ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று கிலோ. வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர்.

ஆழம்: விரல் நகம் மறையும் ஆழம் போதும். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வராது. இரண்டு மூன்று உழவு போட்டு, தொழுவுரம் இட்டு, மண்ணைப் பொடியாக்கிவிட்டு விதைக்க வேண்டும்.

விதை கிடைக்கவில்லை என்றால், ஏற்கெனவே வளர்ந்த தூரைக் கிளப்பி, வேரோடு பிரித்து, குழிக்கு இரண்டாக நடலாம். மழை பெய்கிற வாரத்தில் நட்டால் அநேகமாக எல்லாமே பிடித்துக்கொள்ளும்.

கூடவே ஒரு பயறு வகைத் தீவனம் சேர்ப்பது நல்லது. மானாவாரிக்கு ஏற்றது முயல் மசால். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்பது கணக்கு. புல் வயிற்றை நிரப்பும், மசால் புரதம் தரும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்கும் கொடுக்கும். முயல் மசால் விதையின் தோல் கடினமாக இருக்கும். கொதிக்க வைத்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும்.

முதல் வருடம் குழந்தை மாதிரி!

வறட்சியைத் தாங்கும் புல் என்றதும், விதைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. வறட்சியைத் தாங்குவது ஆழமாக வேர்விட்ட புல்தான். முளைத்துச் சில வாரமே ஆன செடிக்கு அந்த வலிமை கிடையாது. முதல் ஆண்டு முழுக்க ஆடு, மாடு உள்ளே வரக் கூடாது. குறிப்பாக ஆடு. இளம் தூரை இழுத்தால் வேரோடு வந்துவிடும்.

ஒரு மாதத்தில் ஒரு களை எடுப்பு கட்டாயம். அதன் பிறகு புல்லே தரையை மூடிக் களையை அடக்கிவிடும்.

விதைத்த 70 முதல் 75 நாளில் முதல் அறுப்பு. பிறகு மழையையும் வளர்ச்சியையும் பொறுத்து ஆண்டுக்கு 4 முதல் 6 அறுப்பு. அறுக்கும்போது தரையோடு ஒட்ட அறுப்பதுதான் இந்தப் புல்லுக்குச் செய்கிற பெரிய கெடுதல். அடுத்த துளிருக்கான கண்களும் சேமிப்பும் அந்த அடித்தூரில்தான் இருக்கின்றன. ஒரு சாண் இல்லாவிட்டாலும், குறைந்தது நான்கு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும். கோடைக்கு முந்தைய கடைசி அறுப்பில் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடலாம்.

கதிர் தலைகாட்டும் நேரம் அறுப்புக்குச் சரியான நேரம். முற்ற விட்டால் அளவு கூடும், ஆனால் நார் ஏறி, புரதம் குறைந்துவிடும். வருடத்தில் ஒரு முறை மட்டும் ஓர் ஓரத்தை அறுக்காமல் விட்டு, விதை உதிர விட வேண்டும். காலியான இடங்களை அந்த விதை நிரப்பிவிடும்.

நான்கைந்து ஆண்டானால் சில தூர்களின் நடுப்பகுதி காய்ந்து, வளையம் போல ஓரத்தில் மட்டும் துளிர்க்கும். அது வயதான அறிகுறி. வரிசைக்கு நடுவே லேசாக உழுது தொழுவுரம் போடலாம். அல்லது தூரைப் பிரித்துப் புதிதாக நடலாம். மொத்தத்தையும் அழிக்கத் தேவையில்லை.

கணக்குப் பார்ப்போமா?

'எங்க கிட்ட கோ-4 இருக்குதே' என்று சொல்வோர் உண்டு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பல வீடுகளில் கிணற்றடியில் நிற்கிறது. விளைச்சலில் அதோடு எந்தப் புல்லும் போட்டி போட முடியாது. நல்ல பாசனத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன் வரை பசுந்தீவனம் தரும். நீலக் கொழுக்கட்டைப் புல் தருவது 40 டன். பத்தில் ஒரு பங்கு!

ஆனால் நேப்பியருக்கு வாரா வாரம் தண்ணீர் வேண்டும். கிணறு வற்றினால் அதுவும் வாடும். கொழுக்கட்டைப் புல் தருகிற 40 டன் மானாவாரியில், மழையை மட்டும் நம்பி வருவது. தண்ணீர் இருக்கிற பத்து சென்ட்டில் நேப்பியர், தண்ணீர் எட்டாத மேட்டில் கொழுக்கட்டைப் புல். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

40 டன் என்பது ஏக்கருக்கு 16 டன். கால் ஏக்கருக்கு 4 டன், அதாவது 4,000 கிலோ. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால், ஒரு மாட்டுக்கு 200 நாள். மழை ஏமாற்றினால் இது குறையும். பாதிதான் வந்தது என்றாலும் 100 நாள்.

இந்தப் புல்லும் கோடையில் பச்சையாக நிற்காது. அது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். மாட்டுக்குச் சித்திரையில் வேண்டிய புல்லைத் தையில் சேமிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது அறுத்து, ஓரிரு நாள் புரட்டிப் போட்டு, பச்சை நிறம் மாறாமல் காயவைத்துக் கட்டி வைத்தால் அதுதான் உலர்புல். ஆயிரம் கிலோ பச்சைப் புல் காய்ந்தால் ஏறத்தாழ கால் பங்கு மிஞ்சும். வைக்கோற்போர் பக்கத்திலேயே ஓர் உலர்புல் போர். வைக்கோலோடு கலந்து போட்டால், தீவன மூட்டையின் செலவு குறையும். போரை மழை படாமல் மேடான இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் மாட்டுக்கு ஆகாது.

எல்லை தாண்டினால் ஆபத்து

இந்தப் புல்லை உலகம் முழுக்கப் புகழ்வதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு இது 19-ம் நூற்றாண்டில், ஒட்டகச் சேணங்களுக்குள் அடைத்த வைக்கோலோடு போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். பிறகு மேய்ச்சலுக்காக வேண்டுமென்றே பரப்பினார்கள். இன்று அந்த நாட்டின் உள்பகுதிகளில் இயற்கைச் செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. அமெரிக்காவின் அரிசோனா பாலையில் இன்னும் மோசம். அங்குள்ள பெரிய தூண் கள்ளிகள் தீயைப் பார்த்துப் பழகாதவை. நடுவே இந்தப் புல் நிரம்பி, காய்ந்து, தீ பிடித்தால் கள்ளி சாகிறது, புல் மறுபடி துளிர்க்கிறது. அங்கே தன்னார்வலர்கள் விடுமுறை நாட்களில் கூடி இதைப் பிடுங்குகிறார்கள்.

நம் மண்ணில் இது வந்தேறி இல்லை. இங்கே இதைத் தின்ன ஆடும் மாடும் காலம் காலமாக இருக்கின்றன. இருந்தாலும் ஜாக்கிரதை தேவை. மலைச்சரிவு, காப்புக்காடு, புதிதாக மரக்கன்று நட்ட இடங்களின் பக்கத்தில் இதை விதைக்காமல் இருப்பது நல்லது. நிலத்தைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்கு, கோடை தொடங்கும் முன் புல்லை அறுத்துத் தரையாக விட வேண்டும். வைக்கோற்போரும் மாட்டுக் கொட்டகையும் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பீடி நெருப்பு ஒன்று போதும்.

வரப்பு அரிப்பைத் தடுக்க மட்டும் புல் வேண்டும் என்றால், அதற்கு வெட்டிவேர் இருக்கிறது. பக்கத்தில் பரவாமல் நேராகக் கீழே வேர்விடும். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை விவசாயிகள் நில எல்லையில் பரம்பரையாக நட்டு வந்ததைப் பார்த்துத்தான், 1980-களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள் அதை மண் அரிப்புத் தடுப்பாகப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்கள் கீழ்பென்னாத்தூரைத் தொட்டே போகின்றன. ரயிலில் வருபவர்கள் திருவண்ணாமலையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். வழியிலேயே செஞ்சிக் கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராத்தியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது அது ஒன்றுதான். காலையில் கோட்டை ஏறி, மதியம் கீழ்பென்னாத்தூர், மாலையில் கிரிவலம் என்று ஒரு நாள் பயணமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்துக்குப் பிறகு, மார்கழி, தை மாதங்களில் வந்தால் ஊர் அழகாக இருக்கும். ஏரி நிரம்பியிருக்கும், மலை தெளிவாகத் தெரியும். ஊரின் உண்மை நிலை தெரிய வேண்டும் என்றால் பங்குனியில் வர வேண்டும்.

புல் வளர்க்க நினைப்பவர்கள், அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் தீவன விதை பற்றி விசாரிக்கலாம். மாவட்டத்துக்குள்ளேயே வாழவச்சனூரில் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறையிலும் ரகங்களைப் பற்றிக் கேட்கலாம். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது எந்த வருஷத்து விதை?"

ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயாராக வேண்டும் என்றால், கோடை மழையில் ஓர் உழவு போட்டு வைப்பது நல்லது. முதல் தடவை கால் ஏக்கர் போதும். அதுவும் யோசனையாக இருந்தால், மல்லாட்டை வராத கல்லாங்காட்டு ஓரத்தில் பத்து சென்ட். அந்தப் பத்து சென்ட் இரண்டு கோடையைத் தாண்டி மறுபடி துளிர்ப்பதைப் பார்த்த பிறகு, மீதி நிலத்தைப் பற்றி முடிவெடுக்கலாம்.